ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கக் கண்ணாடி எப்படி இருக்க வேண்டும்? மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்

நங்கநல்லூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். எல்.எல்.ஆர். வாங்கி ஐந்து வாரங்கள் ஆகின்றன; இன்னும் மூன்று வாரங்களில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக்காட்ட வேண்டும். பயிற்சிப் பள்ளியில் இருபது வகுப்புகளை முடித்துவிட்டு, இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு, உரிமம் வைத்திருக்கும் என் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எங்கள் சொந்த வேகன் ஆர் காரில் பழகி வருகிறேன். தெருவில் ஓட்டுவது ஓரளவு கைவந்துவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் எங்களுக்கு ஒதுக்கியிருக்கும் இடத்துக்குள் வண்டியைப் பின்பக்கமாக நுழைப்பதுதான் வரமாட்டேன் என்கிறது.

இடத்தின் அமைப்பு இதுதான். கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் இடப்பக்கம் வரிசையாகத் தூண்கள் நிற்கின்றன. இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கார் என்ற கணக்கு. எங்களுடையது மூன்றாவது இடம். எதிரே சுற்றுச்சுவரை ஒட்டி ஸ்கூட்டர்களும் பைக்குகளும் நிற்கும். நான் எங்கள் இடத்தைத் தாண்டி முன்னால் சென்று நின்று, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்துப் பின்னால் வர வேண்டும். சென்ற வாரம் அப்படி வந்தபோது இடது பின்கதவு தூணில் உரசிவிட்டது. தூணுக்கு அடித்திருந்த மஞ்சள் பெயின்ட், சாம்பல் நிறக் கதவில் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடாக ஒட்டியிருக்கிறது. எனக்குப் புரியாத விஷயம் என்னவென்றால், அந்த நொடியில் நான் இடப்பக்கக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; தூணுக்கும் வண்டிக்கும் நடுவே நல்ல இடைவெளி இருப்பதாகவே அதில் தெரிந்தது. வண்டியில் இருக்கும் சென்சாரும் ஒலிக்கவில்லை.

கண்ணாடியை எப்படி வைப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பயிற்சிப் பள்ளி ஆசிரியர், நம் வண்டியின் கதவுக் கைப்பிடி கண்ணாடியின் உள்ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்றார். அண்ணன், பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரியும்வரை கீழே சாய்க்கச் சொல்கிறார். இணையத்தில் பார்த்த ஒரு காணொளியிலோ, நம் வண்டியே கண்ணாடியில் தெரியக் கூடாது, அந்த அளவுக்கு வெளியே தள்ளி வைப்பதுதான் பாதுகாப்பு என்கிறார்கள். மூன்றும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியின் காரில், பின்ஜன்னலின் மூலைக்குத் தூண் வந்ததும் ஸ்டியரிங்கை ஒடி என்று ஓர் அடையாளம் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே அது பலித்தது. சொந்தக் காரில் அதே அடையாளத்தை வைத்துத் திருப்பினால் வண்டி எங்கேயோ போகிறது. என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். அது ஒரு காரணமாக இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்:

வணக்கம் அம்மா. கண்ணாடிக்கு முன்னால் இருக்கையைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன். காலையில் உங்களுக்கு முன் அந்த வண்டியை யார் ஓட்டுகிறார்? வீட்டில் உயரமான ஒருவர் ஓட்டிவிட்டு நிறுத்தியிருந்தால், இருக்கை பின்னால் தள்ளி இருக்கும், மூன்று கண்ணாடிகளும் அவருடைய கண்ணுக்கு ஏற்ப இருக்கும். ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் திருத்திக்கொண்டு, பிறகு கிளட்ச் எட்டவில்லை என்று இருக்கையை ஒரு பல் முன்னால் இழுத்தீர்களானால், செய்த திருத்தம் அத்தனையும் வீண். கண் நகர்ந்தால் கண்ணாடியில் தெரியும் காட்சியும் நகர்ந்துவிடும். ஆகவே முதலில் கிளட்சைத் தரைவரை மிதித்துப் பார்த்து இருக்கையை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து முதுகுச் சாய்வு. உயரத்தை மாற்றும் வசதி இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். உயரம் குறைந்தவர்கள் மெத்தை போட்டு உட்காருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தினமும் அதே மெத்தையாக இருக்க வேண்டும், ஒரு நாள் போட்டு ஒரு நாள் எடுத்தால் கண் மட்டம் மாறிவிடும். சீட் பெல்ட்டைப் போட்ட பிறகே கண்ணாடியைத் தொடுங்கள்.

பள்ளியின் காரில் கற்ற அடையாளம் சொந்தக் காரில் பலிக்காததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தக் கார் வேறு நீளம், அதன் ஜன்னல் வேறு வடிவம், நீங்கள் உட்கார்ந்த இடம் வேறு. போதாததற்கு, பயிற்சி வண்டிகளில் உள்கண்ணாடியைக் கற்றுக்கொடுப்பவர் தமக்குத் தெரியும்படி திருப்பி வைத்துக்கொள்வது வழக்கம். பின்னால் வருவதை அவர் பார்த்துக்கொள்வார், மாணவர் முன்னால் பார்த்தால் போதும் என்று இருபது நாட்களும் ஓடிவிடும். கண்ணாடி பார்க்கும் பழக்கமே இல்லாமல் வெளியே வந்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை உங்கள் இடத்தில் அண்ணனை விட்டு நேராக நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டில் கோலமாவு இருக்கும். இடது பின்சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வண்டிக்கு இணையாக, பின் பம்பரையும் தாண்டி நீளமாக ஒரு கோடு இழுங்கள். வலப்பக்கமும் அதேபோல் ஒன்று. பிறகு இருக்கையில் உட்கார்ந்து, அந்தக் கோடு எந்தக் கண்ணாடியில் எந்த இடத்தில் தெரிகிறது, எங்கே மறைந்துவிடுகிறது என்று பாருங்கள். கோடு தெரியவே இல்லையென்றால், ரிவர்ஸ் எடுக்கும் வேலைக்குக் கண்ணாடி உயரமாக இருக்கிறது என்று பொருள். கண்ணாடியில் கால் அங்குல இடைவெளியாகத் தெரிவது தரையில் ஒரு சாண் என்பதைக் கண் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் லாரி பழகிய காலத்தில் செங்கல்லை அடுக்கிவைத்துப் பழகினோம்; கோலமாவு வண்டிக்குச் சேதம் விளைவிக்காது.

இயந்திரவியல், கோவை:

ஐயா சொன்னதை முழுவதும் ஏற்றுக்கொண்டு, அக்காவின் மூன்று பேர் குழப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூவரும் சொன்னது சரிதான், மூன்றும் வெவ்வேறு வேலைகளுக்கானவை என்பதுதான் சிக்கல்.

வண்டியே தெரியாதபடி வெளியே தள்ளி வைக்கும் முறை, ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் அங்குள்ள வாகனப் பொறியாளர் சங்கத்தில் அளித்த ஆய்வுக் கட்டுரையின் வழியே பரவலானது. பல தடங்கள் உள்ள நெடுஞ்சாலையில், பக்கத்துத் தடத்தில் வரும் வண்டி உள்கண்ணாடியிலிருந்து நழுவும் அதே நேரத்தில் பக்கக் கண்ணாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஓட்டுநர் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொண்டு, அந்த நிலையில் தன் வண்டியின் பக்கவாட்டு மட்டும் சற்றே தெரியும்படி கண்ணாடியை வைப்பார். நிமிர்ந்து உட்கார்ந்ததும் தன் வண்டி மறைந்துவிடும். தாம்பரம் புறவழிச்சாலையில் அது அருமையான முறை. தூணுக்குள் நுழையும்போதோ, எந்த இரண்டு பொருள்களுக்கு இடையிலான தூரத்தை அளக்க வேண்டுமோ அதில் ஒன்று கண்ணாடியிலேயே இருக்காது. நம் கதவும் தூணும் ஒரே காட்சியில் தெரிந்தால்தான் இடைவெளி என்று ஒன்றைப் பார்க்க முடியும்.

அடுத்தது, இடைவெளி இருப்பதாகத் தெரிந்தும் உரசியது ஏன் என்ற கேள்வி. இடப்பக்கக் கண்ணாடி பெரும்பாலும் குவி ஆடி. வெளிப்பக்கமாகச் சற்றே உப்பியிருக்கும். ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் இடக் கண்ணாடி அவருடைய கண்ணிலிருந்து வலக் கண்ணாடியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு தூரத்தில் இருக்கிறது. சமதள ஆடியாக இருந்தால் மிகக் குறுகிய காட்சியே கிடைக்கும். அதைச் சரிக்கட்டவே உப்பலாக வைக்கிறார்கள். அதற்கான விலை, எல்லாம் சிறியதாகத் தெரிவது. சிறியதாகத் தெரிவதை நம் மூளை தொலைவில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே கண்ணாடியில் தூண் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணிக்காதீர்கள். தூணின் அடிப்பாகம் தரையைத் தொடும் இடத்தையும் நம் பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே தரையில், ஒரே அளவு சுருங்கித் தெரிவதால் அந்த ஒப்பீடு ஏமாற்றாது. உங்கள் அண்ணன் கண்ணாடியைக் கீழே சாய்க்கச் சொல்வதன் நியாயம் இதுதான்.

எவ்வளவு சாய்ப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. கண்ணாடியை ஒரு பாகை சாய்த்தால் பார்வை இரண்டு பாகை சாயும் என்பது பள்ளிக்கூட ஒளியியல். கண்ணாடி தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 10 மீட்டர் பின்னால் உள்ள தரையைப் பார்க்கப் பார்வை சுமார் 6 பாகை இறங்க வேண்டும். இரண்டரை மீட்டர் பின்னால், அதாவது பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் உள்ள தரையைப் பார்க்கச் சுமார் 22 பாகை இறங்க வேண்டும். வித்தியாசம் 16 பாகை. ஆகவே கண்ணாடியை 8 பாகை சாய்த்தால் போதும். கண்ணுக்கு அது மிகச் சிறிய அசைவு. பலர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்து, கண்ணாடி முழுவதும் தரை மட்டும் தெரியும் அளவுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

சென்சார் ஒலிக்காததில் வியப்பில்லை. இந்தியாவில் 1 ஜூலை 2019 முதல் புதிய கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். ஆனால் அது பின் பம்பரில் பதிக்கப்பட்டு, நேர் பின்னால் இருப்பதைத்தான் அறியும். பின்கதவுக்குப் பக்கவாட்டில் நிற்கும் தூண் அதன் எல்லைக்குள் வருவதில்லை.

ஆனால் அக்கா, உங்கள் பின்கதவு உரசியதற்குக் கண்ணாடி மட்டும் காரணம் அல்ல என்று நினைக்கிறேன். திருப்பத் தொடங்கும் முன், தூண் வரிசைக்கும் வண்டியின் இடப்பக்கத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்?

நங்கநல்லூர்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. இருக்கை விஷயத்தில் ஐயா நேரில் பார்த்ததுபோல் சொல்லியிருக்கிறார். என் கணவர் ஐந்தடி பத்து அங்குலம். இரவு அவர்தான் வண்டியை உள்ளே விடுகிறார். நான் காலையில் கண்ணாடியைத் திருத்திவிட்டு, வண்டியைக் கிளப்பும்போதுதான் இருக்கையை இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

தம்பி கேட்ட கேள்விக்கு: எதிரே நிற்கும் பைக்குகளின்மீது முன்பக்கம் இடித்துவிடுமோ என்ற பயத்தில் தூண் வரிசையை ஒட்டியே வண்டியை நிறுத்துகிறேன். இன்று அளந்து பார்த்தேன். ஒன்றரை அடிதான் இருந்தது.

இயந்திரவியல், கோவை:

உரசலுக்குக் காரணம் அந்த ஒன்றரை அடிதான்.

வேகன் ஆர் காரின் நீளம் 3,655 மி.மீ., அகலம் 1,620 மி.மீ., இரு அச்சுகளுக்கு இடையே 2,435 மி.மீ., குறைந்தபட்சத் திருப்ப ஆரம் 4.7 மீட்டர். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பின்னால் வரும்போது, இந்த அளவுகளின்படி பின்அச்சின் நடுப்புள்ளி சுமார் 3.2 மீட்டர் ஆரத்தில் வட்டமடிக்கும். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்குக் கேட்கும் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். உங்களுடையதும் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும். இந்த எண்களைக் காகிதத்தில் வரைந்து பார்த்தால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, பின்சக்கரங்கள் உங்கள் இடத்தின் நடுக்கோட்டைச் சுமார் 3 மீட்டர் தாண்டி நின்ற பிறகே திருப்பத் தொடங்க வேண்டும். மற்றொன்று, தூண் வரிசையிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி நின்றால்தான் வண்டியின் இடப்பக்கம் அருகிலிருக்கும் தூணைத் தொடாமல் ஒரே வீச்சில் உள்ளே போகும். கையில் கொஞ்சம் மிச்சம் வேண்டுமானால் ஒன்றேகால் மீட்டர். ஒன்றரை அடியில் நின்று முழுவதும் ஒடித்தால், கண்ணாடியை எப்படி வைத்தாலும் பின்கதவு தூணுக்குத்தான் போகும்.

பைக்குகளைப் பற்றிய உங்கள் பயமும் நியாயமானதே. வண்டியின் பின்பக்கம் இடப்புறம் போகும்போது முன்பக்கத்தின் வலது மூலை வெளியே வீசும். அதே கணக்கில் அது சுமார் 1 மீட்டர் வருகிறது. அந்த மூலையை எந்தக் கண்ணாடியும் காட்டாது, தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். தூண் பக்கம் 1 மீட்டர், வண்டி 1.6 மீட்டர், பைக் பக்கம் 1 மீட்டர். ஆக வழியின் அகலம் 3.6 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஒரே வீச்சில் போகும் எண்ணத்தை விட்டுவிட்டு, பாதி உள்ளே போய், முன்னால் வந்து நேராக்கி, மறுபடி போவதே சரி. நான் பதினோரு வருடங்களாக ஓட்டுகிறேன். என் அலுவலகத்தின் அடித்தள நிறுத்துமிடத்தில் இன்றைக்கும் இரண்டு தவணையில்தான் விடுகிறேன்.

பயிற்றுநர், திருச்சி:

எல்லோரும் நன்றாக விளக்கியிருக்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். தேர்வுக்கு மூன்று வாரமே இருக்கும் ஒருவரிடம், ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைச் சாய்த்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் நிமிர்த்துங்கள் என்று சொல்வதை நான் விரும்புவதில்லை. கற்றுக்கொள்பவருக்குக் கிளட்ச் ஒன்று, பிரேக் ஒன்று, ஸ்டியரிங் ஒன்று என்று ஏற்கெனவே கவனம் சிதறிக் கிடக்கிறது. சாய்த்த கண்ணாடியோடு சாலைக்குப் போய்விடுவார்கள். அங்கே இடப்பக்கம் முந்திவரும் பைக்குக்குப் பதிலாகத் தார் மட்டும் தெரியும். நம் ஊரில் இடப்பக்கம் யாரும் முந்தமாட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

என் மாணவர்களுக்கு நான் வைத்துக்கொடுக்கும் அளவு ஒன்றுதான். கண்ணாடியைக் குறுக்கே நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். உள்பக்கக் கால்வாசிக்கும் குறைவான பகுதியில் சொந்த வண்டி தெரியட்டும். உயரவாக்கில் பார்த்தால், சமதளச் சாலையில் வானமும் சாலையும் சேரும் கோடு கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே நிற்கட்டும். அதாவது வானம் குறைவு, தரை அதிகம். பின்கதவுக் கைப்பிடி இதிலேயே தெரியும். பின்சக்கரத்தை ஒட்டிய தரை தெரியாவிட்டால், இருக்கையிலிருந்து உடலை ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து, கழுத்தை நீட்டிப் பாருங்கள். பார்வைக் கோணம் மாறி, பக்கவாட்டில் மறைந்திருந்த இடம் கொஞ்சம் காட்சிக்குள் வரும். அதற்கும் மேல் வேண்டுமானால், கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் சிறிய வட்டக் குண்டுக் கண்ணாடியை வாங்கி, இடக் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒட்டி, அதைப் பின்சக்கரத்துக்கென்றே வைத்துக்கொள்ளலாம். பெரிய கண்ணாடியை அசைக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அந்தக் குண்டுக் கண்ணாடி பொருள்களை இன்னும் சிறியதாகக் காட்டும் என்பதால், இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். எவ்வளவு தூரம் என்று பார்க்க அல்ல.

தேர்வைப் பற்றிக் குறிப்பிட்டிருப்பதால் ஒன்று சொல்கிறேன். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி, ஓட்டுநர் தேர்வில் விண்ணப்பதாரர் செய்துகாட்ட வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் முதலாவதாக இருப்பதே பின்புறக் கண்ணாடியைச் சரிசெய்வது. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் செய்ய வேண்டியவைகூட அதற்குப் பிறகுதான் வருகின்றன. வண்டியைப் பின்னால் ஓட்டி, குறுகலான இடத்துக்குள் இடப்பக்கமோ வலப்பக்கமோ நுழைப்பதும் அதே பட்டியலில் உண்டு. எனவே ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்ததும் இருக்கை, பெல்ட், மூன்று கண்ணாடிகள் என்று அவசரப்படாமல் செய்யுங்கள். தேர்வு வண்டி பள்ளியுடையது என்றால், உள்கண்ணாடி வேறொருவர் கண்ணுக்குத் திரும்பி இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பின் கண்ணாடியின் நடுவில் எல் போர்டை ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு, டிக்கிக் கதவின் உலோகப் பகுதியில் ஒட்டுங்கள். 18 செ.மீ. சதுரப் பலகை உள்கண்ணாடியின் காட்சியில் கணிசமான இடத்தை மறைத்துவிடும். சிறு கார்களின் பின் கண்ணாடியே அகலம் குறைந்தது.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்:

பயிற்றுநர் ஐயாவின் அச்சம் புரிகிறது. இருந்தாலும் ஐந்தடி ஓர் அங்குல உயரத்தில், கால் கிளட்சில் இருக்கும்போது உடலை ஒரு சாண் முன்னால் கொண்டுபோனால் கிளட்ச் கால் நழுவ வாய்ப்பு இருக்கிறது. வண்டியை முழுவதும் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு எட்டிப் பார்ப்பதானால் சரி. அம்மாவின் வண்டியில் கண்ணாடியைப் பொத்தானில் அசைக்க முடியுமா, உள்ளிருந்து குச்சியால் தள்ள வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். குச்சி என்றால் இடப்பக்கம் அவருக்கு எட்டாது. பக்கத்தில் இருப்பவர்தான் அசைக்க வேண்டும், தனியாக ஓட்டும் நாளில் அது நடக்காது. அப்படியானால் பயிற்றுநர் சொல்லும் ஒரே அளவுதான் வழி. பொத்தான் என்றால் இடக் கண்ணாடியை மட்டும், நான்கு தட்டு கீழே, நான்கு தட்டு மேலே என்று எண்ணிச் செய்யலாம். வலக் கண்ணாடியைத் தொடவே வேண்டாம்; அந்தப் பக்கம் தலையை நீட்டினால் தரையே தெரியும்.

மேலும், எந்த அளவில் வைத்தாலும் பின் பம்பரை ஒட்டிக் கீழே நிற்கும் குழந்தையை மூன்று கண்ணாடிகளும் காட்டாது. பின் கண்ணாடியின் அடிவிளிம்புக்குக் கீழே இருப்பது ஓட்டுநருக்கு இருட்டு. தரைத்தளத்தில் பிள்ளைகள் சைக்கிள் விடும் நேரத்தில் வண்டி எடுப்பதானால், ஏறும் முன் ஒருமுறை பின்னால் நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள்.

நங்கநல்லூர்வாசி:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐயா சொன்னபடி கோலமாவில் கோடு இழுத்தோம். காவலாளி, கார் நிறுத்தும் இடத்தில் ஏன் கோலம் போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அவரும் நின்று பார்த்தார். இருக்கையைச் சரிசெய்து, பெல்ட் போட்டு, பயிற்றுநர் ஐயா சொன்ன அளவில் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, இடக் கண்ணாடியில் கோடு பின் பம்பருக்கு அப்பால் மட்டுமே தெரிந்தது. சக்கரத்துக்கு அருகில் இருந்த பகுதி தெரியவில்லை. எங்கள் வண்டியில் பொத்தான் இருக்கிறது. மூன்று தட்டு கீழே இறக்கியதும் சக்கரத்தின் பக்கத்தில் வெள்ளைக் கோடு காட்சிக்குள் வந்தது. அந்த ஒரு சாண் இடைவெளி, கண்ணாடியில் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. உரசிய அன்று தூணுக்கும் வண்டிக்கும் இடையே நான் பார்த்த 'நல்ல இடைவெளி' எவ்வளவு இருந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

அதன் பிறகு, இரண்டாவது தூணிலிருந்து ஐந்தாவது தூண் வரைக்கும், தூண் வரிசையிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இன்னொரு நீளக் கோடு போட்டு, இடப்பக்கச் சக்கரங்கள் அதன்மேல் வரும்படி முன்னால் சென்று நின்றேன். எதிரே இருந்த இரண்டு ஸ்கூட்டர்களை அண்ணன் நகர்த்திவைத்தார். முதல் தடவை அருகிலிருந்த தூணைத் தாண்டினேன், ஆனால் வலப்பக்கத் தூணை நெருங்கிவிட்டேன். இடக் கண்ணாடியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் வலப்பக்கத்தை மறந்தே போனேன். நான்காவது தடவையில் நேராக உள்ளே போய் நின்றது. இறங்கி அளந்தால் இடப்பக்கம் 38 செ.மீ., வலப்பக்கம் 50 செ.மீ. வண்டியின் அகலத்தில் பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்துச் சொல்வதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. கண்ணாடியை மடக்காமல் வலப்பக்கக் கதவைத் திறந்து இறங்குவதற்குள் சேலை கண்ணாடியில் மாட்டிக்கொண்டது.

பயிற்றுநர் ஐயா எச்சரித்தது மறுநாளே நடந்தது. சாய்த்த கண்ணாடியோடு கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டேன். இடப்பக்கம் திரும்பும் முன் கண்ணாடியைப் பார்த்தால் சாக்கடை மூடிதான் தெரிந்தது. அண்ணன் கண்டுபிடித்துச் சொன்னார். இப்போது கேட்டுக்கு உள்ளேயே வண்டியை நிறுத்தி, மூன்று தட்டு மேலே ஏற்றி, எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவர் கண்ணாடியில் பாதிக்கு மேலே தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் கியர் போடுகிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. இரவு மழையில் திரும்பினால் இடக் கண்ணாடியில் நீர்த்துளிகளைத் தவிர எதுவும் தெரிவதில்லை. அப்போது என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஓட்டுநர்:

கதவுப் பையில் ஒரு பழைய பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. கேட்டுக்குள் நுழைந்து கூரைக்கு அடியில் வந்ததும் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் இடப்பக்க ஜன்னலின் வெளிப்புறத்தையும் துடைத்துவிட்டு ரிவர்ஸ் எடுங்கள். ஜன்னல் நனைந்திருந்தால் கண்ணாடியை மட்டும் துடைத்துப் பயனில்லை, அந்த ஜன்னல் வழியாகத்தானே இடக் கண்ணாடியைப் பார்க்கிறீர்கள். துடைக்கும்போது கை பட்டு அளவு மாறியிருக்கும். உட்கார்ந்ததும் கதவுக் கைப்பிடி பழைய இடத்தில் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.